விமான நிலையப் புத்தகக்கடையில் இருபது நிமிடம்: யாழ்ப்பாணப் பயணிக்கு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கும் சென்னைக்கும் நடுவில் பறக்கிற நேரம் ஏறக்குறைய ஒன்றேகால் மணித்தியாலம். காத்திருக்கிற நேரம் அதைவிட இரண்டு மடங்கு. அந்தக் காத்திருப்பில் இருபது நிமிடத்தைப் புத்தகக்கடையில் எப்படிக் கழிப்பது என்பதுதான் இங்கே விஷயம்.

கடை என்று நான் சொல்வது பாதுகாப்புச் சோதனை தாண்டியதும் வருகிற சின்னக் கடையை. இரண்டு சுவரில் றாக்கை, நடுவில் ஒரு மேசை, வாசலில் தண்ணீர்ப் போத்தலும் கழுத்துத் தலையணையும். பெரும்பாலும் சென்னையிலிருந்து திரும்பி வரும்போது அகப்படும். கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையம் வழியாகப் போகிறவர்களுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். ஆனால் அங்கே தமிழ்ப் புத்தகத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

முதன்முறை பறக்கிற சொந்தக்காரர் பலரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். எல்லோரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: கடைக்குள் நுழைந்து ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்த பிறகுதான் நேரம், காசு, நிறை மூன்றும் அவர்களுக்கு ஞாபகம் வரும். அந்த மூன்றையும் முன்னுக்கே முடித்துவிட்டுப் போனால் கடையில் நிம்மதியாகப் புத்தகத்தைப் பார்க்கலாம்.

1. முதல் நாள் ஊரில் செய்ய வேண்டியவை

பலாலி முனையம் சின்னது. அங்கே போய் வாங்கலாம் என்று வெறுங்கையோடு போகாதீர்கள். போகும்போது வாசிக்க ஒன்றை யாழ்ப்பாணத்திலேயே வாங்கிப் பையில் வைத்துவிடுங்கள். ஆஸ்பத்திரி வீதியில் பூபாலசிங்கம் புத்தகசாலை இருக்கிறது. வேறு அலுவலாக ரவுணுக்குப் போகிற நாளில் எட்டிப் பார்த்தால் போதும்.

சென்னையில் யாருக்காவது புத்தகம் கொடுக்கிற எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே வாங்குங்கள். இங்கே அச்சாகும் கவிதைத் தொகுப்பு, ஊர் வரலாறு, சிறு சஞ்சிகை எல்லாம் அங்குள்ள கடைகளில் லேசில் கிடைக்காது. இதற்கு நேர்மாறாக, சென்னையில் அச்சான புத்தகத்தை இங்கே கூடுதல் காசு கொடுத்து வாங்கி, அன்பளிப்பாகச் சென்னைக்கே காவிக்கொண்டு போகிறவர்களையும் கண்டிருக்கிறேன். அன்பளிப்பைப் பெறுகிறவர் சிரித்துக்கொண்டு வாங்குவார், பாவம்.

போர்க்காலம் பற்றிய புத்தகம் கொண்டுபோவதானால் அட்டையைப் பாருங்கள். தடைசெய்யப்பட்ட அமைப்பின் சின்னமோ படமோ அட்டையில் இருந்தால் சோதனையில் கேள்வி வரலாம். உள்ளே இருப்பது வெறும் ஆய்வுக் கட்டுரை என்று வரிசையில் நின்று விளக்குவது இலகுவான வேலை இல்லை.

அடுத்தது, வீட்டுப் புத்தக அலுமாரியைத் தட்டுத் தட்டாகக் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். முதுகில் இருக்கிற பெயர் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இதை நான் வலியுறுத்தக் காரணம் என் மாமி. ஒரு எழுத்தாளரின் சிறுகதைத் தொகுப்பைச் சந்தோசமாக வாங்கி வந்தார். வீட்டில் அதே தொகுப்பு பழைய அட்டையோடு கிடந்தது. பதிப்பகம் மாறும்போது அட்டை மாறும், சிலவேளை தலைப்பும் மாறும். மனதில் இருப்பது அட்டையின் நிறம் மட்டும் என்றால் ஏமாறத்தான் வேண்டும்.

கடைசியாக, தேடுகிற புத்தகம் மூன்றின் பெயரை எழுதி வையுங்கள். மூன்று போதும். கடைக்காரரிடம் ஒரே மூச்சில் கேட்டு முடிக்கலாம். பத்துப் பெயரை நீட்டினால் இரண்டாவதிலேயே அவர் தலையாட்டத் தொடங்கிவிடுவார்.

2. நிறை

டெம்மி அளவுப் புத்தகம், அதாவது ஏறக்குறைய இருபத்தொன்றரைக்குப் பதினான்கு சென்ரிமீற்றர், 200 பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர மீற்றருக்கு 70 கிராம் வருகிற வழமையான தாளில் அச்சிட்டால் தாள் மட்டும் 210 கிராம் வரும். அட்டையும் பசையும் சேர்த்தால் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நாலு புத்தகம் ஒரு கிலோ என்று பிடித்துக்கொண்டால் பிழைக்காது. கெட்டி அட்டை என்றால் மூன்றாகக் குறையுங்கள்.

இண்டிகோவில் கைப்பொதி 7 கிலோ. மற்ற நிறுவனங்களில் குறைவாகவும் இருக்கலாம், ரிக்கற்றில் இருக்கிற எண்தான் கணக்கு. பலாலிக்கு வருவது ஏ.ரி.ஆர். 72 ரக விமானம். இருக்கைக்கு மேலே இருக்கிற பெட்டி சின்னது, உப்பிய பை அதற்குள் போகாது. வீட்டை விட்டு வெளிக்கிடும்போதே ஒன்றரைக் கிலோ இடம் விட்டுக் கட்டுங்கள். சென்னையில் புடவைக்கடைக்குப் போகிற திட்டம் இருந்தால் அந்த ஒன்றரைக் கிலோவை யார் பையில் விடுவது என்று வீட்டிலேயே பேசி முடிப்பது நல்லது.

3. காசு

திரும்பி வருகிற நாளில் கையில் மிஞ்சுகிற இந்தியக் காசுதான் புத்தகத்துக்கு ஏற்ற காசு. ஐந்நூறு, அறுநூறு ரூபாவை ஊருக்குக் கொண்டுவந்து மாற்றப் போனால் மினக்கேடுதான் மிச்சம். அதை விமான நிலையத்துத் தேநீரில் கரைப்பதைவிட ஒரு புத்தகமாக மாற்றிவிடலாம்.

ஓட்டோக்காரருக்கு, பொதி தூக்கினவருக்கு எல்லாம் கொடுத்து முடித்த பிறகு மிச்சத்தை எண்ணி, அந்தத் தொகையை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குள் போங்கள். சென்னையில் எல்லோரும் கைபேசியைக் காட்டிப் பணம் கட்டுகிறார்கள். எங்களில் பெரும்பாலானோரிடம் அந்த வசதி இல்லை, காசோ அட்டையோதான். அட்டை என்றால் வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்திருக்கிறதா என்று ஊரிலேயே வங்கியில் கேட்டு வையுங்கள். கவுண்டரில் அட்டை மறுக்கப்பட்டால் புத்தகத்தைத் திருப்பி றாக்கையில் வைத்துவிட்டு வெளியே வருகிற அந்த நடை இருக்கிறதே, அது நீளம்.

விலையை ஒப்பிட ஒரு சின்னக் கணக்கு. நான் போய்வந்த காலத்தில் ஒரு இந்திய ரூபா எங்கள் காசில் ஏறக்குறைய மூன்றரை. 250 இந்திய ரூபாப் புத்தகம் 875 ரூபா. அதே புத்தகம் யாழ்ப்பாணத்துக் கடைக்கு வரும்போது கப்பல் கூலியும் கடைக்காரர் இலாபமும் சேரும். ஆகவே இந்தியப் பதிப்பு என்றால் பொதுவாக அங்கேயே வாங்குவது மலிவு. இந்தியாவில் அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.ரி. வரி இல்லை என்பதையும் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

4. முதலில் கேற், பிறகு கடை

சோதனை முடிந்ததும் கடை கண்ணில் படும். உள்ளே போகாதீர்கள். முதலில் உங்கள் கேற் எங்கே என்று நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

பெரிய முனையத்தில் கடையிலிருந்து கேற் வரை பத்து நிமிட நடை இருக்கலாம். ஏ.ரி.ஆர். விமானத்துக்குப் பெரும்பாலும் கீழ்த்தளத்தில் இறங்கி, பஸ்ஸில் ஏறி, பின்கதவுப் படியால்தான் போக வேண்டும். அந்த பஸ் உங்களுக்காக நிற்காது. ஒருமுறை நடந்து பார்த்தால் கால் தூரத்தை அறிந்துகொள்ளும். பிறகு கடையில் நிற்கும்போது மனம் அந்தரப்படாது.

ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள் என்றும் இருந்துவிடாதீர்கள். பல விமான நிலையங்களில் இப்போது கூப்பிடுவதில்லை, திரையில் மட்டும் போடுவார்கள். கைபேசியில் அலாரம் வையுங்கள். போடிங் பாஸில் கேற் மூடும் நேரம் என்று போட்டிருப்பதற்கு நாற்பது நிமிடம் முன்னதாக வைத்தால் சரி. அலாரம் அடித்தால், கையில் என்ன இருந்தாலும், ஒன்றில் வாங்குவது, இல்லாவிட்டால் வைத்துவிட்டு நடப்பது.

5. வாசிக்கவா, கொடுக்கவா?

கடை வாசலில் நின்று இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். இரண்டுக்கும் வேறு வேறு புத்தகம்.

இந்தப் பயணத்திலேயே வாசிக்க என்றால் சிறுகதைத் தொகுப்பு அல்லது நூறு பக்கக் குறுநாவல். ஒன்றேகால் மணித்தியாலத்தில் ஏறுவது, பட்டி போடுவது, இறங்குவது எல்லாம் போக நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம்தான் கையில் மிஞ்சும். நான் அதில் முப்பது பக்கம் வாசிப்பேன். அறுநூறு பக்க நாவலில் முப்பது பக்கம் என்பது பாத்திரங்களின் பெயர் பிடிபடுவதற்கே காணாது.

கொடுக்க என்றால் அதைப் பெறப்போகிறவரின் வயதையும் கண்ணையும் நினையுங்கள். வயது போனவர்களுக்கு எழுத்தின் அளவுதான் முக்கியம், எழுதினவர் பிறகுதான். பெரியப்பாவுக்கு வாங்கினால் ஒரு பக்கத்தை விரித்து, கையை முழுதாக நீட்டிப் பிடித்துப் பாருங்கள். உங்களுக்கே அந்தத் தூரத்தில் மங்கினால் அவருக்கு உதவாது.

6. உள்ளே போனதும் எந்தப் பக்கம் திரும்புவது

நடுமேசையில் இருப்பது கடை விற்க விரும்புகிற புத்தகம். பெரும்பாலும் பணம் சேர்ப்பது எப்படி, காலையில் எழும்புவது எப்படி என்ற வகை. அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே நின்றால் பத்து நிமிடம் போய்விடும். அதை அப்படியே சுற்றிப் போய்ச் சுவர் றாக்கைக்குப் போங்கள்.

தமிழ்ப் புத்தகம் எங்கே என்று தேடாமல் கேளுங்கள். “தம்பி, தமிழ்ப் புத்தகம் எந்தப் பக்கம்?” என்றால் பெரும்பாலும் கடைசி றாக்கையின் கீழ்த்தட்டைக் காட்டுவார்கள். வெட்கப்படாமல் குந்தியிருந்து பாருங்கள். குனிந்து பார்க்க யாரும் மினக்கெடுவதில்லை என்பதால் நல்ல புத்தகம் விற்காமல் கிடப்பது அங்கேதான்.

முதலில் முதுகுகளை மட்டும் வாசித்துக்கொண்டு இடமிருந்து வலம் ஒருமுறை போங்கள். ஒன்றையும் இழுக்க வேண்டாம். இரண்டாம் முறை போகும்போது மனதில் நின்றவற்றை மட்டும், மூன்றுக்கு மேற்படாமல், எடுங்கள். முதல் சுற்றிலேயே இழுக்கத் தொடங்கினால் முதல் தட்டுடன் நேரம் முடிந்துவிடும்.

இன்னொன்று. பல பாகம் உள்ள சரித்திர நாவலில் இரண்டாம் பாகமும் நாலாம் பாகமும் மட்டும் இருக்கும். மற்றதைப் பிறகு வாங்கலாம் என்று எடுக்காதீர்கள். வேறு பதிப்பகத்தார் பாகம் பிரிக்கிற இடம் வேறாக இருக்கும், கதை நடுவில் ஒரு துண்டு விட்டுப்போகும்.

7. கையில் எடுத்த புத்தகத்தைச் சோதிக்கும் ஒழுங்கு

இந்தப் பகுதியில் அவசரம் கூடாது. ஒரு புத்தகத்துக்கு நாலு நிமிடம் கொடுங்கள். பின்னட்டை வாசகத்திலிருந்து தொடங்குவது எல்லோருக்கும் பழக்கம். நான் அதைக் கடைசிக்கு விடுகிறேன், ஏனென்றால் அது விற்பதற்காக எழுதியது.

முதலில் பின்னட்டையில் பார்கோட்டுக்கு மேலே உள்ள எண். பதின்மூன்று இலக்கம், 978 என்று தொடங்கும். அதற்கு அடுத்ததாக 955 அல்லது 624 என்றிருந்தால் இலங்கையில் பதிப்பித்தது. ஊரிலேயே இலங்கை விலைக்கு வாங்கலாம், இங்கே வேண்டாம். 81 அல்லது 93 என்றால் இந்தியப் பதிப்பு. எங்கள் ஆட்கள் எழுதியதும் கனக்கச் சென்னையில்தான் அச்சாகிறது. ஆகவே எழுத்தாளர் யாழ்ப்பாணத்தவர் என்பதற்காக ஊரில் மலிவாக இருக்கும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். எண்ணே இல்லாத தமிழ்ப் புத்தகமும் உண்டு, அது குறை இல்லை.

அடுத்து, தலைப்புப் பக்கத்துக்குப் பின்பக்கம். முதற்பதிப்பு எந்த ஆண்டு, இது எத்தனையாவது பதிப்பு என்று அங்கே இருக்கும். சட்டம், வரி, கணினி, மருத்துவம் சம்பந்தமான புத்தகத்தில் இந்த ஆண்டு மிக முக்கியம். பளபளக்கிற புது அட்டைக்குள் பதினைந்து வருசத்துக்கு முந்திய விஷயம் இருக்கலாம். மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயர் இருக்கிறதா, எந்த மொழியிலிருந்து செய்தது என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெயரே இல்லாத மொழிபெயர்ப்பை நான் வாங்குவதில்லை. செய்தவரே தன் பெயரைப் போடத் துணியாததை நாங்கள் ஏன் துணிய வேண்டும்?

மூன்றாவது, உள்ளடக்கம். கதைத் தொகுப்பில் பாதிக்கு மேல் உங்களிடம் இருக்கிற கதைகளா என்று அலுமாரிப் படத்தோடு ஒப்பிடுங்கள்.

நாலாவது, பக்க எண். இதை ஆட்கள் செய்வதே இல்லை, ஏமாறுவதும் இதில்தான். அச்சகத்தில் புத்தகம் பெரும்பாலும் பதினாறு பதினாறு பக்கமாக மடித்த பாரங்களாகச் சேர்க்கப்படுகிறது. கட்டும்போது ஒரு பாரம் விடுபட்டால் பதினாறு பக்கம் ஒரேயடியாகப் போய்விடும். ஒரே பாரம் இரண்டுமுறை சேர்வதும் உண்டு. ஒவ்வொரு தாளாகப் புரட்ட நேரமில்லை. பாரம் மாறுகிற இடங்களை மட்டும் பாருங்கள்: 16க்கு அடுத்து 17, 32க்கு அடுத்து 33, 48க்கு அடுத்து 49, 64க்கு அடுத்து 65. இப்படியே கடைசி வரை. 200 பக்கப் புத்தகத்தில் பன்னிரண்டு இடம், ஒரு நிமிட வேலை. முன்பக்கங்களை எண்ணாமல் விட்ட புத்தகத்தில் இந்த எண்கள் சற்றுத் தள்ளி வரும். ஓர் இடத்தைக் கண்டுபிடித்தால் அங்கிருந்து பதினாறு பதினாறாகக் கூட்டிக்கொண்டு போகலாம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு துப்பறியும் நாவலை இப்படிப் பார்க்காமல் வாங்கினேன். விமானத்தில் 144ஆம் பக்கம் முடித்துத் திருப்பினால் 129. திரும்பவும் 144 வரை வாசித்தால் அடுத்தது 161. கொலைகாரன் யார் என்பது அந்த இடைவெளிக்குள் போய்விட்டது. ஊரிலிருந்து அந்தக் கடைக்குத் திருப்பி அனுப்புகிற செலவு புத்தக விலையைவிடக் கூட. விமான நிலையத்தில் வாங்கியதை மாற்ற முடியாது என்பதை எழுதாத சட்டமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் சோதனை முழுவதும் கடைக்குள்ளேயே முடிய வேண்டும்.

ஐந்தாவது, கட்டு. நடுப்பக்கத்தை விரித்து, முதுகை மெதுவாக ஒருமுறை வளையுங்கள். பசை வெடிக்கிற சத்தம் கேட்டால் வைத்துவிடுங்கள். எங்கள் சித்திரை வெயிலில் அப்படிப்பட்ட பசை காய்ந்து தாள் தாளாகக் கழன்றுவிடும்.

இவ்வளவும் சரி என்றால் முதல் பக்கமும், நடுவில் ஏதாவது ஒரு பக்கமும் வாசியுங்கள். முதல் பக்கத்தை எல்லோரும் கவனமாக எழுதுவார்கள். எழுத்தாளர் களைத்திருக்கிற இடம் நடுப்பக்கம். அங்கேயும் வாசிக்க முடிந்தால் வாங்கலாம்.

8. பிளாஸ்ரிக் உறை போட்டிருந்தால்

நீங்களாகக் கிழிக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் “அண்ணை, இதை ஒருக்கா உடைச்சுப் பார்க்கலாமோ?” என்றால் “பாருங்கோ” என்பார்கள். விமான நிலையத்தில் இருப்பவர் சம்பளத்துக்கு நிற்கிறவர், அவருக்கு அந்த அதிகாரம் இருக்காது. “பார்க்கிறதுக்குத் திறந்த பிரதி ஒன்று இருக்கா சார்?” என்று கேளுங்கள், சிலவேளை இருக்கும். இல்லை என்றால் இருநூறு ரூபாவுக்குள் என்றால் துணியலாம், அதற்கு மேல் என்றால் விடுங்கள்.

9. கவுண்டரில்

பில்லைக் கேட்டு வாங்குங்கள். பின்னட்டையில் அச்சிட்ட விலையும் பில்லில் உள்ள விலையும் ஒன்றா என்று அங்கேயே நின்று பாருங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் ஒட்டுச்சீட்டு ஒட்டியிருந்தால் ஏன் என்று கேட்பதில் மரியாதைக்குறைவு ஒன்றும் இல்லை.

மிச்சக் காசுக்குச் சொக்லேற் தள்ளப் பார்த்தால், தேவையில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சொப்பிங் பைக்குத் தனிக் காசு எடுப்பார்கள், ஒரு துணிப்பையை மடித்துக் கொண்டுபோனால் அந்தக் காசு மிச்சம்.

10. பைக்குள் வைப்பதும் ஏறுவதும்

ஊரிலிருந்து போகும்போது ஐந்தாறு புத்தகத்தை ஒன்றின் மேல் ஒன்றாக இறுக்கி அடுக்கினால் எக்ஸ்ரேயில் ஒரே கருங்கட்டியாகத் தெரியும். பையைத் திறக்கச் சொல்வார்கள், பின்னால் நிற்கிறவர்கள் உங்களை முறைப்பார்கள். உடுப்புக்கு நடுவில் பரத்தி வையுங்கள். மல்லித்தூள், மீன் கருவாடு போகிற பையில் புத்தகம் வேண்டாம். கருவாட்டு மணம் தாளில் ஏறினால் இறங்காது.

வாசிக்கப்போகிற ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் ஏறுவதற்கு முன் பைக்குள் போட்டுவிடுங்கள். ஏ.ரி.ஆரில் நடைபாதை ஒடுக்கம், நின்று பையைக் கிண்ட இடமில்லை. முன்னிருக்கையின் பின்பையில் புத்தகத்தைச் செருகுவது மறப்பதற்கு மிக நல்ல வழி. பட்டி கட்டியிருக்கும்போது மடியில் வைத்திருங்கள்.

போடிங் பாஸைப் புத்தகத்துக்குள் அடையாளமாக வைக்காதீர்கள். எங்கள் மாமா ஒருவர் கேற்றில் நின்று மூன்று புத்தகத்தையும் ஒவ்வொன்றாக உதறினார். பின்னால் முழு வரிசையும் பார்த்துக்கொண்டு நின்றது. கடைசியில் அது நாலாவதில், கையிலேயே விரித்துப் பிடித்திருந்ததில், இருந்தது. அடையாளம் வைக்க அந்தக் கடைப் பில் போதும்.